தம் தொண்டினைத் தேர்ந்த நாவலர் பெருமான்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் கோயிலைச் சார்ந்தோர் அனைவருக்கும் பணிகள் பெருகும். கொடியேற்றத்திற்கு நாள் குறித்தல், உபயகாரர்களைக் காணுதல், பந்தல், அன்னதானம், மின்விளக்கு அலங்காரம், இரத ஊர்வலத்திற்குக் காவல்துறை அனுமதி, மலர் வெளியீடு என்று பட்டியல் நீளும். திருவிழா முடிந்த பின்னர் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடும். இராசகோபுரம் எழுப்ப வேண்டும் என்பார் ஒருவர். திருமண மண்டபம் கட்ட வேண்டும் என்பார் மற்றொருவர். பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு நடத்த ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்பார் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய். எல்லாம் நல்லவையே. ஆயினும் எல்லாவற்றையும் ஒருங்கே செய்வதற்குப் பொருளும் போதாது, ஆளும் போதாது, காலமும் போதாது.

தனி மனிதர் வாழ்வும் இத்தகையதே. கெடா மாநிலத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, மாலையில் கோயில் வேலைக்குக் கைகொடுத்த நம் முன்னோர்க்கு ஓய்வு என்று எஞ்சிய நேரம் சிறிதே. அச்சிறு நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று அவர்கள் தெரிந்து செயற்பட்டமையால் பல தோட்டங்களில் ஒரு கோயிலும், அதனருகே ஒரு தமிழ்ப்பள்ளியும் நிலைபெற்றன. அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய இன்றைய தலைமுறையினர் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் வாழ்கின்றனர். வாய்ப்புகள் பெருகியுள்ளன, அவற்றுடன் குழப்பமும் பெருகியுள்ளது. எதனை மேற்கொள்வது, எதனை விடுவது என்பதே இன்று பலர் உள்ளத்திலும் உள்ள கேள்வி.

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற பெரியார் ஒருவர் உளர். அவரே யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். சைவத்தையும் தமிழையும் காத்தவர் என்று அவரை எல்லாரும் போற்றுவர். அக்காப்பினைச் செய்வதற்காக அவர் எவற்றையெல்லாம் கைவிட்டார் என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர்.

பிறப்பும் கல்வியும்

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நல்லூரிலே கந்தர் என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். தந்தையார் தமிழ் கற்றவர். நாடகம் இயற்றும் ஆற்றல் உடையவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயது ஆனபோது, நாடகமொன்றை எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் காலமானார். எஞ்சிய பகுதியை அச்சிறுவரே பாடி நிறைவு செய்தார் என்று நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். ஒருவர் தொடங்கி விட்டுச்சென்ற நற்பணியை மற்றொருவர் முடித்து வைத்தல் என்னும் செய்தி அவர் வாழ்வின் தொடக்கத்திலேயே அமைந்திருந்தது.

திண்ணைப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற பின்னர், இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகிய பெரும்புலவர்களிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வடமொழியும் பயின்றார். ஆங்கிலம் கற்கும் பொருட்டு யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரிமார் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்த பேர்சிவல் பாதிரியார், மாணவரின் கூர்த்த மதியைக் கண்டு வியந்தார். இருபது வயதை எட்டும் வேளையில் அவரை அப்பாடசாலையிலேயே ஆசிரியராக அமர்த்தினார். விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்கும் பெரும்பணியிலும் அவரைத் தமக்குத் துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைத் தமிழறிஞர் பார்வைக்கு வைக்கும் பொருட்டு இருவரும் சென்னைக்கும் சென்று வந்தனர்.

எளிதில் அமைந்த பாதை

இந்நிலையில் ஆறுமுகனாரின் எதிரே ஒரு பாதை செவ்வனே அமைந்திருந்தது. ஆங்கிலம் கற்றவர்க்கு அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிட்டும். அவருடைய தமையன்மார் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். குடும்பம் ஊரில் மதிப்புடையது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வல்ல இளைஞர் ஒருவர் உத்தியோகம் பெற்று, திருமணம் செய்து, ஓய்வு நேரத்தில் புராண படனம் செய்து, உற்றாரும் ஊராரும் போற்ற வாழ்ந்திருக்கலாம். அவ்வாழ்வில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் பாடசாலையினுள்ளே இருந்தமையால் வெளியில் உள்ளோர்க்குப் புலப்படாத ஒன்று அவருக்குப் புலப்பட்டது. மிஷனரிமார் பாடசாலைகளில் வகுப்புகள் வரிசையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அந்தந்த வகுப்புக்கு ஏற்ற அச்சுப் புத்தகம் இருந்தது. பிள்ளைகளுக்கு விளங்கும் எளிய வசனநடையில் அப்புத்தகங்கள் எழுதப்பட்டிருந்தன. சைவப் பிள்ளைகள் பயின்ற திண்ணைப் பள்ளிகளிலோ ஏட்டுச் சுவடியைப் பொருள் விளங்காமல் மனனம் செய்யும் வழக்கமே நிலவியது. தம் சமயம் யாது என்று வினவினால் விடை கூற இயலாத பிள்ளைகள் பிற சமயக் கல்விக்கூடத்திற்குச் சென்றால் என்ன நிகழும் என்பதை அவர் நாள்தோறும் கண்டார். இதில் பிறரைக் குறை கூறிப் பயனில்லை என்பதும், தம் மக்களுக்குத் தாமே கல்விக்கூடம் அமைத்துக் கொள்ளாமையே குறை என்பதும் அவருக்குத் தெளிவாயின.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடைபெற்றது. நல்லூர்க் கார்த்திகேய ஐயர் அவருக்கு உறுதுணையாக நின்றார். பகலில் மிஷன் பாடசாலையில் ஆசிரியர். வெள்ளி மாலையில் சிவன் கோயிலில் பிரசங்கியார். இவ்விரண்டையும் நீண்ட காலம் சேர்த்து நடத்த இயலாது என்பது விரைவிலேயே புலனாயிற்று.

துறந்தவை

1848ஆம் ஆண்டில் அவர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் மிஷன் பாடசாலை வேலையை விட்டு நீங்கினார். அப்போது அவருக்கு வயது 25. பேர்சிவல் பாதிரியாருக்கு அவரை இழக்க மனமில்லை. ஆசிரியரும் மாணவருமாக இருந்த அவ்விருவரிடையே அன்புக்குக் குறைவிருந்ததில்லை. பகைமையாற் பிரிந்தார் என்று கொள்வதற்கும் இடமில்லை. ஒரு பணியை முழுதும் செய்ய வேண்டுமாயின் மற்றொன்றினின்று கையை எடுத்தல் வேண்டும் என்பதே அப்பிரிவின் காரணம்.

வேலையைத் துறந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. இல்லறத்தையும் மேற்கொள்ளாமல் நைட்டிகப் பிரமசாரியாகவே வாழ்நாள் முழுதும் வாழ்ந்தார். ஊதியம் வரும் உத்தியோகம் எதனையும் அதன்பின் நாடவில்லை. இவை மூன்றும் தீயவை என்று அவர் கருதினாரல்லர். இல்வாழ்வு நம் சமயம் போற்றும் அறமே. உத்தியோகமும் நேர்மையாகச் செய்வோர்க்குத் தொண்டே. தீயதை விடுதல் ஒப்பரும் செயலன்று. அது எல்லார்க்கும் கடமை. மேற்கொண்ட ஒன்றின் பொருட்டு நல்லவற்றை விடுதலே அரிது. நாவலர் அவ்வரிய செயலைத் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே செய்து முடித்தார்.

எல்லாரும் இவ்வாறு இல்லறத்தைத் துறக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. துறந்தவற்றின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒன்றைத் தேர்வோர் மற்றொன்றுக்கு விடை கொடுத்தே ஆக வேண்டும் என்னும் உண்மை எல்லார்க்கும் பொது.

ஒன்றன்பின் ஒன்றாக

பாடசாலை தொடங்கிய நாவலருக்கு ஊதியம் கொடுக்கப் பணமில்லை. அவரிடம் கற்ற மாணவர்களே ஆசிரியர்களாயினர். சதாசிவப் பிள்ளை முதலிய மாணவர் அவருடன் நிழல்போல் நின்று உழைத்தனர். அரசாங்க உதவிப் பணம் நீண்ட காலம் கிட்டவில்லை. பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டு பாடம் நடத்துவது என்னும் கேள்வியே எல்லாவற்றினும் பெரிதாக முன்னின்றது. சைவப் பிள்ளைகளுக்கேற்ற பாடப்புத்தகம் அப்போது இல்லை. அதனை எழுத வேண்டும். எழுதினாலும் அச்சிட்டாலன்றிப் பல பிள்ளைகள் கையில் சேராது. ஆகவே அச்சியந்திரம் வேண்டும்.

இவ்வாறு ஒரு தேவை அடுத்த தேவையைக் காட்டியது. 1849ஆம் ஆண்டில் சதாசிவப் பிள்ளையுடன் தமிழகம் சென்றார். அப்பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர்தம் சொல்வன்மையைக் கண்டு மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். அன்று முதல் ஆறுமுகம் என்னும் பெயர் ஆறுமுக நாவலர் என வழங்கலாயிற்று. பட்டம் பெற்றவர் பட்டத்தோடு மட்டும் திரும்பவில்லை. சென்னையில் அச்சியந்திரம் ஒன்றினை வாங்கி யாழ்ப்பாணம் கொண்டு வந்தார். வண்ணார்பண்ணையில் அதனை நிறுவி வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டார். கல்வியைப் பாதுகாக்கும் அச்சுக்கூடம் என்பது அப்பெயரின் பொருள்.

அதன்பின் நூல்கள் வெளிவரத் தொடங்கின. சிறுவர்க்குப் பாலபாட வரிசை, சமயம் பயில்வோர்க்குச் சைவ வினாவிடை, இலக்கணம் கற்போர்க்கு இலக்கணச் சுருக்கம், யாவரும் படிக்கும் வண்ணம் பெரியபுராண வசனம் என அவை அமைந்தன. பெரியபுராண வசனம் 1852ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுகாறும் புலவர் உதவியின்றிப் பொருள் காண இயலாதிருந்த நாயன்மார் வரலாறுகளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கலாயினர். சொற்றொடர்களைப் பிரித்துக் காட்டும் நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்தில் முறையாகக் கையாண்டவரும் அவரே. இன்று நாம் எழுதும் உரைநடைக்கு அவர் இட்ட அடித்தளம் பெரிது.

நாவலர் செய்யுள் இயற்ற வல்லவர். வேண்டியிருந்தால் பல புராணங்களையும் பிரபந்தங்களையும் பாடிப் பெரும்புலவர் என்னும் புகழை ஈட்டியிருக்கலாம். அக்காலத்தில் புலமைக்கு அடையாளம் செய்யுளே. வசனம் எழுதுவதைப் புலவர் பலர் சிறப்பாகக் கருதியதில்லை. அவ்வாறிருந்தும் குழந்தைகளுக்கான பாடப்புத்தகத்தை எழுத அவர் தம் காலத்தைச் செலவிட்டார். தமக்குப் புகழ் தருவது எது என்று பாராமல், பிறர்க்குத் தேவையாயிருந்தும் ஒருவரும் செய்யாதது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த தொண்டு அது.

சென்னையிலும் சிதம்பரத்திலும்

பின்னர்ப் பல ஆண்டுகள் அவர் தமிழகத்திலேயே தங்கினார். சென்னையிலும் அச்சுக்கூடம் நிறுவினார். நன்னூல் விருத்தியுரை, திருக்குறள் பரிமேலழகர் உரை, தொல்காப்பியச் சேனாவரையர் உரை முதலிய அரிய நூல்களை ஏட்டுச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பிழையறப் பதிப்பித்தார். நாவலர் பதிப்பு என்றால் நம்பி வாங்கலாம் என்னும் பெயர் நிலைபெற்றது. ஏடுகளைத் தேடி அச்சேற்றும் பணியில் பின்னர்ப் பெருமை பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களுக்கும் யாழ்ப்பாணத்தாராகிய நாவலரே முன்னோடி.

1864ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தில்லையில் எத்தனையோ திருப்பணிகளைச் செய்யலாம். கூத்தப்பெருமான் சந்நிதிக்கு அணிகலன் செய்து கொடுத்தால் ஊர் புகழும். அத்தலத்தில் பிள்ளைகள் கற்கும் பள்ளியை அமைப்பதனையே அவர் தம் காணிக்கையாகக் கொண்டார்.

இக்காலத்தில் அவர் ஆற்றல் முழுதும் ஆக்கப் பணிக்கே சென்றது என்று கூறுதற்கில்லை. கண்டன நூல்கள் எழுதுவதிலும் வாதங்கள் புரிவதிலும் கணிசமான காலம் சென்றது. இராமலிங்க வள்ளலாரின் பாடல்களைத் திருமுறைக்கு ஒப்ப அருட்பா என வழங்குதல் தகாது என்று அவர் எழுப்பிய வாதம், 1869ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. வள்ளலாரையும் நாவலரையும் ஒருங்கே வணங்கும் அன்பர்கள் நம் நாட்டில் பலர். இருபெருஞ் சான்றோர் அடியார்களும் அவ்வழக்கில் செலவிட்ட காலத்தை எண்ணும்போது, பெரியோர்க்கும் காலத்தைப் பேணுதல் எளிதன்று என்பது விளங்குகிறது.

கைவிட்டதும் கைவிடாததும்

1870ஆம் ஆண்டில் நாவலர் யாழ்ப்பாணம் திரும்பினார். தமிழ்ப் பாடசாலை நிலைபெற்றிருந்தது. ஆயினும் ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பிள்ளைகள் மிஷனரிமார் பாடசாலைகளுக்கே செல்ல வேண்டியிருந்தது. அக்குறையை நீக்க 1872ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பொருள் கிட்டவில்லை. நான்கு ஆண்டுகள் போராடி நடத்திய பின்னர் 1876ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது.

தாம் விரும்பித் தொடங்கிய ஒன்றைத் தம் கையாலேயே மூடுதல் துன்பந் தருவது. ஊரார் பேச்சுக்கும் இடமாகும். அந்த ஆங்கிலப் பாடசாலையை எவ்வாறேனும் நடத்துவதென்று முனைந்திருந்தால், தமிழ்ப் பாடசாலைக்கும் அச்சுக்கூடத்திற்கும் உரிய பொருளும் உழைப்பும் அதிலே கரைந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதலில் தொடங்கியது நிலைத்தது; பின்னர்த் தொடங்கியது நின்றது. எனினும் அவ்வெண்ணம் அழியவில்லை. அவர் மறைவுக்குப் பின் தோன்றிய சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் 1890ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருப்பெற்றது. நாவலரால் நடத்த முடியாததை அவர் வழிவந்தோர் நடத்தினர்.

திருக்கேதீச்சரம் பற்றிய செய்தியும் இத்தகையதே. பாடல் பெற்ற அப்பழந்தலம் அழிந்து காடாகிக் கிடந்தது. அதனை மீண்டும் எழுப்புதல் சைவர் கடமை என்று 1872ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். அவர் வாழ்நாளில் அத்திருப்பணி நடைபெறவில்லை. அடுத்த தலைமுறையினரே அந்நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பினர். செய்ய வேண்டியதைச் சுட்டிக் காட்டிவிட்டு, அதனைச் செய்தற்குரிய அறிவுடைய தலைமுறையை உருவாக்கும் வேலையில் அவர் நின்றார்.

பஞ்சம் வந்தபோது

தேர்ந்த பணியில் உறுதியாக நிற்றல் என்பது கண்ணை மூடிக்கொண்டு நிற்றலன்று. 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டின. உணவின்றி மக்கள் மடிந்தனர். அப்போது நாவலர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். பொருள் உடையோரிடம் சென்று தண்டினார். கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கச் செய்தார். மக்கள் துயரை அரசாங்கத்தார் உரியவாறு கவனிக்கவில்லை என்று துணிந்து எழுதவும் செய்தார்.

பதிப்பிக்க வேண்டிய ஏடுகள் காத்திருந்தன. எழுத வேண்டிய உரைகள் காத்திருந்தன. அவை காத்திருக்கக் கூடியவை. பசித்த வயிறு காத்திருக்காது. எப்பொழுதும் முதன்மையான பணி ஒன்றே எனினும், இன்று செய்யாவிடில் என்றும் செய்ய இயலாதது ஒன்று வருமாயின் அதற்கு வழிவிட வேண்டும் என்பதற்கு அவர்தம் கஞ்சித்தொட்டி சான்று.

இறுதி ஆண்டில் மற்றொரு செயலும் செய்தார். 1879ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதிக்குரிய இடம் வெற்றிடமாயிற்று. பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே அதற்குத் தக்கவர் என நாவலர் ஆதரித்து நின்றார். அப்போது இராமநாதன் இளைஞர். அவர் பின்னாளில் 1913ஆம் ஆண்டில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921ஆம் ஆண்டில் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து முன்னிறுத்துதலும் ஒரு பெருந்தொண்டே.

முற்றுப்பெறாதவை

1879ஆம் ஆண்டு ஆடி மாதம் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளிலே வண்ணார்பண்ணையில் நாவலர் செய்த பிரசங்கமே அவர்தம் இறுதிப் பிரசங்கமாயிற்று. உடல் நலிவுற்ற நிலையில், அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் கார்த்திகை மகத்தன்று அவர் சிவபதம் அடைந்தார். அன்றும் வெள்ளிக்கிழமை. ஐம்பத்தேழு வயது நிறைவதற்கு இன்னும் 13 நாள் இருந்தன.

அவர் விட்டுச்சென்ற பணிகள் பல. பெரியபுராணத்துக்கு எழுதிவந்த சூசனம் முற்றுப்பெறவில்லை. பதிப்பிக்க எண்ணிய நூல்கள் பல எண்ணத்திலேயே நின்றன. தந்தையின் முற்றுப்பெறாத நாடகத்தை முடித்து வைத்த புதல்வர், தம் முற்றுப்பெறாத நூல்களைப் பிறர்க்கு விட்டுச் சென்றார். மாணவர் சதாசிவப் பிள்ளை பாடசாலைகளையும் அச்சுக்கூடத்தையும் ஏற்று நடத்தினார். எத்துணைக் கவனமாகத் தேர்ந்து உழைத்தாலும் மனித வாழ்நாள் போதுவதில்லை. தேர்ந்த பணிக்கு உரிய ஆட்களையும் உருவாக்கிச் செல்வோர்க்கே அப்பணி தொடரும்.

காலத்தின் எல்லை

நாவலரைப் போற்றும்போது மறைக்கத் தகாத ஒன்றும் உண்டு. அவர் தம் காலத்துச் சாதி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டவராகவே எழுதினார். அவர் எண்ணிய கல்வி எல்லாக் குலத்தார்க்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை. அம்மன் கோயில்களிலும் ஊர்த் தெய்வக் கோயில்களிலும் நடைபெற்ற பலியிடுதலை அவர் கடிந்தார். கெடாத் தோட்டங்களில் மாரியம்மனையும் முனீசுவரரையும் வேண்டிக் காட்டினிடையே வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமாரில் பலரை, அவர் தம் பாடசாலை வாயிலில் வரவேற்றிருப்பார் என்று துணிந்து கூற இயலாது.

தோட்டத்துக் கோயில் வேறு வகையில் வளர்ந்தது. பால்மரம் சீவியோரும், களை பிடுங்கியோரும், கிராணியும், ஆசிரியரும் சேர்ந்து வடம் பிடித்த தேர் அது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த உத்தியோகத்தர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி ஆலயம் போன்ற கோயில்களையும், நாவலர் நூல்களையும், திருமுறை ஓதும் வழக்கத்தையும் இந்நாட்டில் பேணினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தம் தெய்வங்களைத் தோட்டங்களில் நிறுவினர். இவ்விரண்டு ஆறுகளும் கலந்ததே மலேசியச் சைவம். நாவலரிடமிருந்து எதனை ஏற்பது, எதனை அவர் காலத்தோடு விட்டுவிடுவது என்பதும் நாம் தேர்ந்து செய்ய வேண்டியதே. கல்விக்கு முதலிடம் கொடுத்த அவர்தம் கருத்தை ஏற்கலாம். அக்கல்வியின் வாயிலை அவரினும் அகலமாகத் திறந்து வைப்பதே அவருக்குச் செய்யும் சிறந்த வழிபாடாகும்.

நம் மண்ணுக்கு ஒரு படிப்பினை

இன்று கெடாவின் பழைய பால்மரக் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் திருவிழாவுக்கு மட்டும் பழைய கோயிலுக்கு வந்து செல்கின்றன. தைப்பூசத்தன்று சுங்கைப் பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்தில் திரளும் கூட்டத்தைக் கண்டு நம் உள்ளம் பூரிக்கிறது. அக்கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் ஒரு தேவாரத்தைப் பொருள் உணர்ந்து பாடுவர் என்று எண்ணும்போது அப்பூரிப்பு சற்றே தணிகிறது.

கோபுரம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். கோபுரம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு நன்கொடை அளிப்போர் பெயர் கல்லில் நிற்கும். சனிக்கிழமை காலையில் பத்துப் பிள்ளைகளை அமர்த்தித் திருமுறை சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையின் பெயரை எந்தக் கல்லிலும் காண இயலாது. ஆகவே முன்னதற்கு ஆட்கள் கிடைப்பர். பின்னதற்கு ஆட்களைத் தேட வேண்டும். ஆலய நிர்வாகத்தினர் வரவுசெலவுத் திட்டம் வகுக்கும்போது, நாம் செய்யாவிடில் இதனை வேறு எவர் செய்வார் என்று ஒவ்வொரு பணியைக் குறித்தும் வினவிப் பார்த்தல் நன்று. ஒருவரும் செய்யார் என்னும் விடை எதற்கு வருகிறதோ, அதற்கே முதற் பங்கு உரியது.

தனி மனிதர்க்கும் இதுவே அளவுகோல். ஐந்து சங்கங்களில் பதவி வகித்து ஐந்திலும் பெயரளவில் இருப்பதினும், ஒன்றில் முழுமையாக உழைப்பது மேல். ஒன்றை ஏற்கும்போதே அதற்காக எதனை விடப்போகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். பொருளின்றி நடவாது என்று தெரிந்தால் மதிப்பைக் கருதி இழுத்துக்கொண்டிராமல் நிறுத்தவும் துணிய வேண்டும். அயலில் துன்பம் நேர்ந்தால் எல்லாவற்றையும் சற்றே ஒதுக்கிவிட்டுக் கைகொடுக்க வேண்டும். நம்மால் முடியாததை முடிப்பதற்கு ஓர் இளைஞரையேனும் பயிற்றுவித்துச் செல்ல வேண்டும்.

வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டில் சில பிள்ளைகளுடன் தொடங்கிய ஒரு பாடசாலையின் பயன் கடல் கடந்து நம் கைகளில் உள்ள பாடப்புத்தகம் வரை வந்துள்ளது. ஒருவர் தம் நாள்களை எங்கே செலவிடுவது என்று தெரிந்து செலவிட்டமையால் விளைந்த பயன் இது. இத்திருவிழா நன்னாளில் வடம் பிடிக்கும் ஒவ்வோர் அன்பரும், வரும் ஆண்டில் தாம் ஏற்கவேண்டிய தொண்டு ஒன்றினைத் திருமுன் நின்று தேர்ந்துகொள்வாராக. அதனை நிறைவேற்றும் உறுதியை எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.